டிசம்பர் 31 கணக்கு

ஒரு லாட்ஜ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் தங்கலாம் என்று லைசென்ஸ். உள்ளே இருப்பது நூற்று முப்பத்தொரு பேர். அதில் தொண்ணூற்றொன்பது பேரை எதற்காக உள்ளே வைத்திருக்கிறோம் என்று இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை. ஆனாலும் அவர்கள் ரூமைக் காலி செய்துகொண்டு போக முடியாது.

இப்படி ஒரு லாட்ஜ் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நடந்தால் சும்மா விடுவீர்களா? நகராட்சியில் மனு கொடுப்பீர்கள், போஸ்டர் ஒட்டுவீர்கள், நாலு கட்சிக்காரர்களும் வந்து முற்றுகையிடுவார்கள். இந்த லாட்ஜை நடத்துவது அரசாங்கம். அதனால் ஒன்றும் நடக்கவில்லை.

இது என் கற்பனைக் கணக்கு அல்ல. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் வெளியிடும் சிறைப் புள்ளிவிவர அறிக்கையில் இருப்பதைத்தான் நூறு பேருக்குச் சுருக்கிச் சொன்னேன். 2022 டிசம்பர் 31 அன்று இந்தியாவில் 1,330 சிறைகள். இடம் 4,36,266 பேருக்கு. இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். அதாவது நூற்றுக்கு எழுபத்தாறு பேர் இன்னும் குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாதவர்கள்.

நான் பி.காம். படித்தவன். எந்த அறிக்கையைப் பார்த்தாலும் முதலில் தேதியைப் பார்க்கிற பழக்கம் உண்டு. இந்த அறிக்கையின் தேதி டிசம்பர் 31. கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட் மார்ச் 31 நிலவரம் என்றால், இது சிறைகளின் டிசம்பர் 31 நிலவரம். ஒரு ஜவுளிக்கடையின் வருஷ வியாபாரத்தை மார்ச் 31 அன்று அலமாரியில் இருக்கும் சேலைகளை எண்ணித் தெரிந்துகொள்ள முடியாது இல்லையா? எத்தனை உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது என்று பார்த்தால்தான் தெரியும்.

அந்தக் கணக்கும் அறிக்கைக்குள் ஒரு மூலையில் இருக்கிறது. 2021-ம் ஆண்டில் சிறைக்குள் போனவர்கள் சுமார் 18 லட்சம் பேர். ஆனால், வருஷக் கடைசி நாளில் உள்ளே இருந்தது 5,54,034 பேர்தான். மற்றவர்கள் எங்கே? பத்து நாள், பதினைந்து நாள், இரண்டு மாசம் இருந்துவிட்டுப் போனவர்கள். வருஷத்தில் ஏதோ ஒரு நாள் அவர்கள் அந்த நெரிசலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள். டிசம்பர் 31 அன்று இல்லாததால் தலைப்புச் செய்தியில் வரவில்லை.

அந்தப் பதினைந்து நாளில் போன வேலை, அடகுக்குப் போன தோடு, பள்ளிக்கூடத்தில் மகனைப் பார்த்து ‘உங்கப்பா உள்ள இருக்காராமே’ என்று சக பையன் கேட்டது, இதற்கெல்லாம் அறிக்கையில் பத்தியே கிடையாது. கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன். செலவைப் பதிவு செய்யாத புத்தகத்தில் எப்போதும் லாபம்தான் காட்டும்.

* * *

‘நம்ம தமிழ்நாட்டுல அப்படி ஒண்ணும் நெரிசல் இல்லையே சார்’ என்று கேட்கலாம். உண்மைதான். அதே அறிக்கையில் உத்தரப்பிரதேசம், உத்தராகண்ட், டெல்லி எல்லாம் 180 சதவிகிதத்தை ஒட்டி நிற்கும்போது, தமிழ்நாடு நூற்றுக்குக் கீழே இருக்கிறது. மாநிலம் முழுக்கக் கூட்டிக் கழித்தால் இடம் மிச்சம்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு சராசரி என்றால் என்னவென்று நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ‘இந்த வருஷம் மாவட்டத்தில் சராசரி மழை பெய்துவிட்டது’ என்று அறிக்கை வரும். உங்கள் ஊர்க் கண்மாயில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். சராசரியைக் கண்மாயில் தேக்க முடியாது. அதே மாதிரி, மத்தியச் சிறையில் காலியாக இருக்கும் இடத்தில் மாவட்டச் சிறைக் கைதி காலை நீட்டிப் படுக்க முடியாது. தேசிய அளவில் வகைவாரியாகப் பிரித்துப் பார்த்தால், அதிகம் பிதுங்குவது மத்தியச் சிறைகள் அல்ல. மாவட்டச் சிறைகள். பெரிய சிறையைப் பற்றித்தான் சினிமா எடுக்கிறோம். சின்னச் சிறையில்தான் ஆட்களை அடைக்கிறோம்.

இன்னொன்று. ‘இத்தனை பேருக்கு இடம்’ என்பது யார் சொன்ன கணக்கு? 2016-ல் வந்த மாதிரி சிறைக் கையேடு, பொதுக் கொட்டடியில் ஓர் ஆளுக்கு 3.71 சதுர மீட்டர் என்கிறது. நம் கணக்கில் சுமார் நாற்பது சதுர அடி. வீட்டில் ஒற்றைக் கட்டில் ஆறுக்கு மூன்று, பதினெட்டு சதுர அடி. அப்படியே இரண்டு கட்டிலைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் எவ்வளவோ அவ்வளவுதான் அரசாங்கமே சரி என்று சொல்லும் இடம். நூற்று முப்பத்தொரு சதவிகிதம் என்றால் இந்த நாற்பதிலும் பத்து அடியை வெட்டிவிடுகிறோம் என்று அர்த்தம். 180 என்றால் ஒரு கட்டில் மட்டும் மிச்சம். இதற்குள்தான் சாப்பாட்டுத் தட்டு, துணிமூட்டை, சொறி, சிரங்கு, காசநோய் எல்லாம்.

* * *

சரி, புதுக்கோட்டைக்கு வருவோம். 1948 மார்ச் வரை தனி சமஸ்தானம், 1974-லிருந்து தனி மாவட்டம் என்று பெருமைப்பட நிறைய உண்டு. இங்கே மாவட்டச் சிறை இருக்கிறது, கூடவே பார்ஸ்டல் பள்ளியும் இருக்கிறது. அந்த இரண்டாவது பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள்.

பார்ஸ்டல் என்பது இங்கிலாந்தில் கென்ட் பக்கம் இருக்கும் ஒரு கிராமம். இளவயதுக் குற்றவாளிகளைப் பழைய கைதிகளோடு சேர்த்து அடைத்தால் கெட்டுப்போவார்கள், தனியாக வைத்துத் தொழில் சொல்லித் தந்து திருத்துவோம் என்று 1902-ல் அங்கே ஆரம்பித்தார்கள். நல்ல யோசனை. சென்னை மாகாணம் அதைப் பார்த்து 1925-ல் ஒரு பார்ஸ்டல் சட்டம் போட்டது. இங்கிலாந்துக்காரர்கள் ‘இது சரிப்படவில்லை’ என்று 1982-ல் தங்கள் பார்ஸ்டலுக்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள். நாம் இன்னும் பெயர்ப் பலகையைத் துடைத்து வைத்திருக்கிறோம். நாட்டிலேயே பார்ஸ்டல் பள்ளிகள் அதிகம் இருப்பது தமிழ்நாட்டில்தான்.

பள்ளி என்றால் பாடம் வேண்டும், பாடத்துக்குக் காலம் வேண்டும். சட்டம் நினைத்தது, தண்டனை பெற்ற இளைஞன் இரண்டு மூன்று வருஷம் தங்கி ஒரு தொழில் கற்றுக்கொண்டு வெளியே போவான் என்று. இன்று பதினெட்டிலிருந்து இருபத்தொரு வயதுக்குள் இங்கே வந்து சேர்கிறவர்களில் பெரும்பாலோர் ரிமாண்ட் கேஸ்கள். பதினைந்து நாள் வாய்தா, இன்னொரு பதினைந்து நாள், அப்புறம் ஜாமீன். பதினைந்து நாளில் தையல் கற்றுக்கொள்ள முடியாது, தச்சு வேலை கற்றுக்கொள்ள முடியாது. ஆனால், பதினைந்து நாளில் ஒரு ரவுடியின் செல்போன் நம்பரை மனப்பாடம் செய்துவிடலாம். டூ வீலர் திருடிவிட்டு உள்ளே போனவன் வெளியே வரும்போது ‘அண்ணன்’ ஒருவரோடு வருவது இப்படித்தான்.

நெரிசலின் முதல் கேடு மூச்சு முட்டுவது இல்லை. யாரை யாரோடு வைப்பது என்று பிரிக்க முடியாமல் போவது. இடம் இருந்தால்தான் பிரிக்கலாம்.

* * *

இத்தனை பேர் எப்படி உள்ளே போகிறார்கள்? இதற்குப் பதில் ஜெயிலில் இல்லை. போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் இருக்கிறது.

ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது செய்யாதீர்கள், ஏன் கைது அவசியம் என்று எழுதுங்கள், அதை மாஜிஸ்திரேட் படித்துப் பார்த்து ரிமாண்ட் செய்யுங்கள் என்று சுப்ரீம் கோர்ட் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்னது. ஆறு வருஷம் கழித்து சாத்தான்குளத்தில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததில் தொடங்கிய விவகாரம். 2020 ஜூன் 19-ந் தேதி போலீஸ் கூட்டிக்கொண்டு போன ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் மறுநாள் ரிமாண்ட் செய்யப்பட்டு கோவில்பட்டி கிளைச்சிறைக்குப் போனார்கள். 22-ந் தேதி மகன், 23-ந் தேதி தந்தை. இருவரும் உயிரோடு இல்லை. போலீஸ் அடித்ததைப் பற்றி நாடே பேசியது. பேச வேண்டியதுதான். அந்த நிலையில் இருந்த இரண்டு பேரை ‘ரிமாண்ட்’ என்று ஒரு கையெழுத்தில் அனுப்ப முடிந்ததே, அதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை. அந்தக் கையெழுத்துதான் ஜெயில் வாசல்.

அடுத்து ஜாமீன். ‘ஜாமீன் கிடைச்சாச்சு’ என்று வக்கீல் போனில் சொல்கிறார். வீட்டில் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதை நிறைவேற்றப் போகிறார்கள். மூன்று நாள் கழித்தும் ஆள் வரவில்லை. ஏன்? இரண்டு பேர் ஜாமீன்தாரர் வேண்டும், அதில் ஒருவர் ரத்த சம்பந்தமாக இருக்க வேண்டும், ரேஷன் கார்டு நகல், வி.ஏ.ஓ. சான்று, சொத்து ரசீது. மணமேல்குடிப் பக்கத்துப் பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும்போது மாட்டிக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் அவனுக்கு ரத்த சம்பந்தம் ஏது? ஊரிலிருந்து அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் மாறி மாறிப் போனால், ‘உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லையா?’ என்பார்கள்.

இது சரியில்லை என்று யாருக்கும் தெரியாதா? தெரியும். 1978-லேயே தெரியும். மோதி ராம் என்ற கொத்தனார். மத்தியப்பிரதேசத்துக்காரர். பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டது கீழ்க் கோர்ட். கொத்தனாருக்கு 1978-ல் பத்தாயிரம் ரூபாய்! அண்ணன் தம்பி உறவில் ஜாமீனுக்கு வந்தால், ‘சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது’ என்று தள்ளிவிட்டார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் இதைப் பிடித்து உலுக்கியெடுத்தார். ஒரே நாட்டுக்குள் மாவட்டம் பார்த்து மனுஷனை ஒதுக்குவதா என்று கேட்டார். மறுவருஷமே ஹுசைனாரா காத்தூன் வழக்கு. பீகார் சிறைகளில், குற்றம் நிரூபணமாகியிருந்தால்கூட அனுபவித்திருக்க வேண்டிய தண்டனையைவிட அதிக காலம் கிடந்தவர்கள் வெளிச்சத்துக்கு வந்தார்கள்.

அப்புறம் நாற்பத்தைந்து வருஷம் போனது. 2023 ஜனவரி 31-ந் தேதி சுப்ரீம் கோர்ட் மறுபடி உத்தரவு போடவேண்டி வந்தது. ஜாமீன் உத்தரவை உடனே சிறைக்கு அனுப்பு. ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சொல். ஒரு மாசமாகியும் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்த கோர்ட்டே யோசிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரரே வேண்டும் என்று அடம்பிடிக்காதே. இத்தனையும் அதில் இருக்கிறது. அதே ஆண்டில் மத்திய அரசும் ஏழைக் கைதிகளுக்கு ஒரு திட்டம் கொண்டு வந்தது. விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை. பணம் ஒதுக்கியும் மாநிலங்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று உள்துறை அமைச்சகமே நினைவூட்டவேண்டி வந்தது. இலவச அரிசி என்றால் க்யூ நிற்கும். இலவச ஜாமீனுக்கு க்யூவில் நிற்கவேண்டியவர்கள் உள்ளே இருக்கிறார்கள், என்ன செய்ய?

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2024 ஜூலையில் வந்தது. அதன் 479-வது பிரிவு, முதல் முறை மாட்டியவர் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் விட்டுவிடு என்கிறது. மற்றவர்களுக்குப் பாதி. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று அடுத்த மாதமே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கைதட்டலாம். ஆனால், அதே பிரிவில் ஒரு சின்ன வரி. ஒருவர் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை. நம் ஊரில் ஒருவனைப் பிடித்தால் ஒரு வழக்கோடு நிறுத்துவார்களா? கிடப்பில் இருந்த நாலைந்தையும் சேர்த்துத் தலையில் கட்டுவது ஸ்டேஷன் சம்பிரதாயம். வலது கை கொடுப்பதை இடது கை பிடுங்கிக்கொள்கிறது.

குண்டர் சட்டத்தையும் சொல்லவேண்டும். 1982-ம் ஆண்டின் 14-வது சட்டம். விசாரணை இல்லாமலே ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். இப்படித் தடுப்புக் காவலில் இருப்பவர்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடு தேசிய அளவில் முன்னணி. இரண்டு கட்சியும் மாறி மாறி ஆண்டும் இதில் மட்டும் கொள்கை வேறுபாடு இருந்ததில்லை. ஜாமீனில் வந்துவிடுவானோ என்ற பயத்தில் போடுகிறார்கள். பல உத்தரவுகள் ஹைகோர்ட்டில் நிற்காமல் விழுகின்றன. விழுவதற்குள் மாதங்கள் போய்விடும்.

* * *

உடனே ஒரு கோபக் குரல் கேட்கிறது. ‘வீடு புகுந்து திருடினவனுக்கு ஏ.சி. ரூம் கேக்கறீங்களா? பாதிக்கப்பட்டவன் பக்கம் யார் பேசறது?’

நியாயமான கோபம். கொலைகாரனை, பெண்ணைச் சீரழித்தவனை, சாட்சியை மிரட்டுகிறவனை வெளியே விடச் சொல்லவில்லை. அவர்களை உள்ளே வைத்து, வழக்கைச் சீக்கிரம் முடித்து, தண்டனை வாங்கித் தரவேண்டும் என்றுதான் நானும் கேட்கிறேன். அதற்குத்தான் இடம் வேண்டும், ஆள் வேண்டும். கோர்ட்டுக்கு அழைத்துப் போக வழிக்காவல் போலீஸ் இல்லை என்று வாய்தா தள்ளிப்போனால், நஷ்டம் பாதிக்கப்பட்டவருக்கும்தான். ஜாமீன்தாரர் கிடைக்காத ஒரு சில்லறைக் கேஸ் உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும், நிஜமான ஆபத்தான ஆளைக் கவனிக்கவேண்டிய வார்டரின் நேரத்தைத் தின்கிறது. அந்த வார்டரும் மனுஷன்தான். நெரிசலில் அவரும் எட்டு மணி நேரம் நிற்கிறார்.

‘அப்படின்னா புது ஜெயில் கட்டிடலாமே?’ 2022 நவம்பரில், அரசியல் சாசன நாள் விழாவில், சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளையும் சட்ட அமைச்சரையும் எதிரே வைத்துக்கொண்டு ஜனாதிபதி திரௌபதி முர்மு கேட்டது இதைத்தான். நாடு முன்னேறுகிறது என்கிறீர்கள், முன்னேறினால் ஜெயில் குறையவேண்டாமா, ஏன் கூடுதலாகக் கட்டவேண்டும் என்கிறீர்கள் என்று. கட்டவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஒழுகும் கட்டடத்தை மாற்றத்தான் வேண்டும். 1837-ல் கட்டிய சென்னை மத்தியச் சிறையைக் காலி செய்து 2006-ல் புழலுக்குப் போனது தவறே இல்லை. ஆனால், குழாயை மூடாமல் பெரிய வாளி வாங்குவது மட்டுமே தீர்வு என்றால், அடுத்த வருஷம் அண்டா வாங்கவேண்டி வரும்.

* * *

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இன்னொரு ஜெயிலும் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பது. ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் ‘யாழ்ப்பாணம் ஜெயில்’ என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை பிடித்துப் போகும். இலங்கைச் சிறைகளோ கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு தாண்டிப் பிதுங்குபவை. 2020 நவம்பரில், கொரோனா பயத்தில், கொழும்புக்குப் பக்கத்தில் மஹர சிறையில் வெடித்த கலவரத்தில் பதினோரு பேர் செத்துப் போனார்கள்.

நம் மீனவர் அங்கே மாட்டிக்கொண்டால் இங்கே என்ன நடக்கிறது? கடலுக்குப் போகாமல் வேலைநிறுத்தம். கலெக்டரிடம் மனு. முதலமைச்சர் வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதுகிறார். பத்திரிகையில் நாங்களும் எழுதுகிறோம். குடும்பம் பட்டினி கிடக்கிறது, பிழைக்கப் போனவனை எதற்கு அடைத்து வைக்கிறாய் என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். நூற்றுக்கு நூறு நியாயம்.

அதே மீனவரின் தம்பி, ஒரு கைகலப்பு வழக்கில் உள்ளூர் ஜெயிலில் ஜாமீன்தாரர் கிடைக்காமல் கிடந்தால்? அவன் குடும்பத்துக்கும் அதே பட்டினிதான். அவனுக்காக யாரும் கடிதம் எழுதுவதில்லை. பூட்டியது நம் பூட்டு என்பதால் நமக்குச் சத்தம் கேட்பதில்லை.

* * *

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு மாவட்டத்திலும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு என்று ஒன்று உண்டு. 2015-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டு வந்தது. மாவட்ட நீதிபதி தலைவர், கலெக்டரும் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். மூன்று மாசத்துக்கு ஒரு தரம் உட்கார்ந்து யாரை விடலாம் என்று பார்க்கவேண்டும். கூடினார்களா, எத்தனை பேர் பெயரைப் பார்த்தார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று மூன்றே மூன்று எண்களை, ஆட்களின் பெயர் இல்லாமல், கலெக்டர் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். புதுக்கோட்டை முதல் மாவட்டமாக இதைச் செய்துகாட்டலாம். செலவு ஒரு வெள்ளைத்தாள், நாலு குண்டூசி.

சொந்த ஜாமீனில் விடக்கூடியவனை விடட்டும். பத்திரம் கொடுக்க வழியில்லாதவன் பெயர் ஏழாவது நாள் ஆணைக்குழுவுக்குப் போயாகவேண்டும். போகவில்லையென்றால் அந்த அதிகாரி எழுத்தில் காரணம் சொல்லட்டும். பார்ஸ்டலில் பதினைந்து நாளே இருக்கப்போகிற பையனுக்குத் தையல் மெஷின் வேண்டாம். ஒரு நல்ல வக்கீலும், அவன் வீட்டுக்கு ஒரு போனும் போதும்.

நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. தெரிந்தவர் யாராவது இப்படிக் கிடந்தால் 15100 என்ற எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். இலவச சட்ட உதவி எண். காவலில் இருக்கும் யாருக்கும் வக்கீல் இலவசம், வருமானச் சான்று கேட்கக்கூடாது. அறுபது நாள், பெரிய குற்றமானால் தொண்ணூறு நாள், இதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லையென்றால் ஜாமீன் கேட்பது உரிமை, சலுகை இல்லை. இதை ஒரு பேப்பரில் எழுதி அவர்கள் வீட்டில் கொடுங்கள். ‘ஜெயிலுக்குப் போன குடும்பம், நமக்கெதுக்கு’ என்று ஒதுங்காதீர்கள்.

அடுத்த டிசம்பர் 31 ராத்திரி நாமெல்லாம் கேக் வெட்டக் காத்திருப்போம். அதே ராத்திரி ஒவ்வொரு ஜெயிலிலும் லாக்கப் அடைத்துவிட்டுத் தலை எண்ணுவார்கள். அந்தக் கணக்கு அறிக்கையாக வரும்போது மொத்த எண்ணைப் பார்க்காதீர்கள். ‘இன்னும் தீர்ப்பு வராதவர்கள்’ என்ற பத்தியைப் பாருங்கள். அது குறைந்தால்தான் புத்தாண்டு.